பல் சொத்தையும் பொதுஜன ஓட்டும்

கனடா தேசத்தில் கால்கரி என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. அங்கே 2021-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி நகரசபைத் தேர்தல் நடந்தது. மேயர் யார், கௌன்சிலர் யார் என்று கேட்டதோடு, குழாய்த் தண்ணீரில் புளோரைடு என்னும் பொருளை மறுபடியும் சேர்க்கலாமா, கூடாதா என்றும் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்கப்பட்டது. ஓட்டுப் போட்டவர்களில் 100-க்கு 62 பேர் சேர்க்கலாம் என்றார்கள். மேயராக, பஞ்சாபிப் பெற்றோருக்குப் பிறந்த ஜோதி கோண்டெக் அம்மையார் தெரிந்தெடுக்கப்பட்டார். ஒரு பெண் அந்நகரத்துக்கு மேயரானது அதுவே முதல் தடவை.

எங்கேயோ பனி கொட்டும் சீமையில் யார் பல் சொத்தையானால் நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். விஷயம் பல்லைப் பற்றியது மாத்திரமல்ல. ஒரு பொருள் நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்பதை ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கலாமா? தீர்மானிக்கலாகாது என்றால், பிறகு ஓட்டு எதற்கு? பகுத்தறிவு பேசுகிறவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி இது.

முதலில் சங்கதியைச் சொல்லுவோம். புளோரைடு என்பது பாறையிலும் மண்ணிலும் உள்ள ஒரு பொருள். தண்ணீர் அதன்மேல் ஓடும்போது சிறிது கரைந்து வரும். அமெரிக்காவில் கொலராடோ பக்கத்தில் தொழில் நடத்திய பிரெடரிக் மக்கே என்ற பல் வைத்தியர், அங்குள்ள ஜனங்களின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருப்பதைக் கண்டு, காரணம் என்னவென்று பல வருஷ காலம் துருவிக்கொண்டே இருந்தார். கறை படிந்த அந்தப் பற்கள் சுலபத்தில் சொத்தையாவதில்லை என்பதையும் அவர் கவனித்தார். தண்ணீரிலுள்ள புளோரைடே காரணம் என்பது 1931-ல் தெரிந்தது. கறை படியாத அளவுக்குக் குறைத்து, சொத்தையை மட்டும் தடுக்கும் அளவுக்கு வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்ததன் பலனாக, 1945-ம் வருஷம் ஜனவரி மாதம் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற நகரத்தில் முதல்முதலாகக் குழாய்த் தண்ணீரில் அது சேர்க்கப்பட்டது. எந்த ரிஷியும் ஞான திருஷ்டியால் இதைக் கண்டு சொல்லவில்லை. ஒருவர் பிறருடைய வாயைத் திறந்து பார்த்து எண்ணிக் கணக்கு எழுதியதால் தெரிந்தது.

கால்கரிவாசிகள் இதை எளிதில் ஏற்கவில்லை. 1957, 1961, 1966, 1971 ஆகிய நான்கு தடவையும் வேண்டாம் என்றே ஓட்டுப் போட்டார்கள். 1989-ல் வேண்டும் என்றார்கள். 1991 முதல் சேர்க்கப்பட்டது. 1998-ல் மறுபடி கேட்டபோதும் இருக்கட்டும் என்றார்கள். அப்படியிருக்க, 2011-ல் நகரசபையார் ஜனங்களைக் கேளாமலே, 10-க்கு 3 என்ற ஓட்டில் நிறுத்திவிட்டார்கள். இயந்திரங்களைப் புதுப்பிக்கப் பணம் வேண்டியிருக்கிறது என்பதும், தண்ணீரில் மருந்து கலப்பது நகரசபையின் வேலையல்ல என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்கள்.

கௌன்சிலர்கள் மிச்சம்பிடித்த பணத்தைக் கொடுத்தது யார்? கனடாவில் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் பொதுப்பணத்தில் வைத்தியம் நடக்கும். பல்வலி என்று போனாலோ, அந்த வருஷங்களில் பெரும்பாலோர் கைப்பணத்தையோ, வேலை கொடுத்த முதலாளி கட்டிய இன்ஷூரன்ஸையோ நம்பித்தான் இருந்தார்கள். காசுள்ளவன் வீட்டுக் குழந்தைக்கு நல்ல பற்பசை உண்டு, ஆறு மாதத்துக்கொரு தரம் பல் வைத்தியர் உண்டு. கூலிக்காரன் குழந்தைக்கோ குழாய்த் தண்ணீர் ஒன்றே பல் வைத்தியர். அந்த வைத்தியரைத்தான் நகரசபை வேலையிலிருந்து தள்ளிற்று.

அதே மாகாணத்தில் எட்மண்டன் என்ற நகரம் 1967 முதல் விடாமல் புளோரைடு சேர்த்துவந்தது. ஒரே மாகாணம், ஒரே சட்டம், ஒரே மாதிரி வாழ்க்கை. ஏறக்குறைய தண்ணீர் ஒன்றுதான் வேறு. ஆராய்ச்சியாளர்களுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. 2018-19-ல் இரு நகரங்களிலும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாயைப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். கால்கரியில் 100-க்கு சுமார் 65 பிள்ளைகளுக்குப் பற்சொத்தை, எட்மண்டனில் 55. ஏழு வயதுக் குழந்தைகள்! இவர்கள் எந்தக் கௌன்சிலருக்கு ஓட்டுப் போட்டார்கள்? எந்த மீட்டிங்கில் போய்ப் பேசினார்கள்?

நிற்க, எதிர்த்தவர்கள் சொன்னதையும் கவனிப்போம். அவர்களில் ஒரு சாரார் இயற்கைத் தண்ணீரில் மனிதன் கைவைக்கக் கூடாது என்கிறார்கள். இது நம் நாட்டு வைதீகர் பேச்சேதான், வேஷம் மட்டுமே வேறு. கால்கரிக்குத் தண்ணீர் கொடுக்கும் போ, எல்போ என்ற இரண்டு ஆறுகளிலும் லிட்டருக்கு 0.1 முதல் 0.4 மில்லிகிராம் வரை புளோரைடு இயற்கையாகவே இருக்கிறது. நகரசபை செய்வது அதை 0.7 ஆக்குவதுதான். ஆற்றில் வந்தால் புனிதம், குழாயில் வந்தால் விஷமா? இயற்கைத் தண்ணீர்தான் வேண்டும் என்பவர், அதிலுள்ள வாந்திபேதிக் கிருமியைக் கொல்லப் போடும் குளோரினையும் வேண்டாம் என்று சொல்லட்டும் பார்ப்போம்!

மற்றொரு சாரார் சொல்லுவதில் யோக்கியதை இருக்கிறது. ‘என் உடம்புக்குள் எது போகவேண்டும் என்பதை நான் அல்லவா சொல்லவேண்டும்? என்னைக் கேட்காமல் எனக்கு மருந்து கொடுக்க நீ யார்?’ என்பது அவர்கள் வாதம். சுயமரியாதைக்காரர்கள் இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. பிறர் நன்மைக்கென்று சொல்லிக்கொண்டு பிறர் தலைமேல் ஏறியவர்களைத்தானே நாம் இத்தனை நாளும் எதிர்த்துவருகிறோம்? ஆனால் குழாய்த் தண்ணீர் ஒருவருடைய சொத்தல்ல. சேர்த்தாலும் எல்லோருக்கும் சேர்க்கவேண்டும், நிறுத்தினாலும் எல்லோருக்கும் நிறுத்தவேண்டும். வேண்டாம் என்பவர் உரிமைக்காக நிறுத்தினால், வேண்டும் என்பவர் பிள்ளையின் பல் போகிறது. இரண்டில் ஒன்றைப் பொதுவில்தான் தீர்க்கவேண்டும். ஆகையால் ஜனங்களைக் கேட்டது சரியே. 2011-ல் கேளாமல் நிறுத்தியதுதான் தப்பு. கேளாமல் சேர்த்திருந்தாலும் தப்பென்றே சொல்லுவோம்.

அப்படியானால் ஓட்டினால் உண்மை தீர்மானமாகிவிட்டதா என்றால், இல்லவே இல்லை. 1971-ல் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றதால் புளோரைடு பல்லைக் காக்கும் குணத்தை இழந்துவிடவில்லை. 2021-ல் 62 பேர் வேண்டும் என்றதால் அதற்குப் புதுக் குணம் வந்துவிடவுமில்லை. அது என்ன செய்யும் என்பதைப் பரீட்சை சொல்லும். தெரிந்தபின் நம் பொதுப்பணத்தை யாருக்காகச் செலவிடுவது என்பதையே ஓட்டுச் சொல்லும். இந்த இரண்டையும் குழப்புவதால்தான், ஒரு பக்கம் படித்த நிபுணர் சொன்னால் வாயை மூடிக்கொள் என்பாரும், மறுபக்கம் பத்துப் பேர் கூடிக் கத்தினால் அதுவே சத்தியம் என்பாரும் கிளம்புகிறார்கள்.

நம் தோழர்களுக்கு இன்னொரு சந்தேகம் வருவது நியாயம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் புளோரைடு தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் பல் கறைபட்டதும், அதைக் காலமெல்லாம் குடித்தவர்கள் எலும்பு வளைந்து வேதனைப்பட்டதும் எல்லோரும் அறிந்தது. அந்தக் கொடுமையைத் தீர்க்கத்தானே காவேரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டம் போட்டு 2013-ல் தொடங்கிவைத்தார்கள்? இங்கே கோடிக்கணக்கில் செலவிட்டு விலக்குவதை அங்கே கோடிக்கணக்கில் செலவிட்டுச் சேர்ப்பதா என்று கேட்கலாம். பொருள் ஒன்றுதான், அளவு வேறு. குடிதண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்திய சர்க்கார் வைத்திருக்கும் அளவு. தர்மபுரிக் கிணறுகள் பலவற்றில் இந்த அளவைத் தாண்டியதால் வந்தது துன்பம். கால்கரியில் சேர்ப்பது 0.7. சோற்றுக்கு உப்பு வேண்டும் என்பதற்காக உப்பையே சோறாகத் தின்பாரில்லை; உப்பைத் தின்றவன் செத்தான் என்று சோற்றில் உப்பை விலக்குவாருமில்லை. வளைந்த காலைப் பார்த்து முன்ஜென்மப் பாவம் என்பவனுக்கும், புளோரைடு என்ற பெயரைக் கேட்டதும் விஷம் என்று அலறுகிறவனுக்கும் நம்மிடம் ஒரே பதில்தான் உண்டு. தண்ணீரை அளந்து பார் என்பதே அது.

நம் கட்சிக்குச் சாதகமானதை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது புரோகிதர் வழக்கம். ஆதலால் இதையும் சொல்லுகிறோம். பற்பசையிலேயே புளோரைடு வந்துவிட்டபின், தண்ணீரில் சேர்ப்பதால் கிடைக்கும் லாபம் முன்காலத்தை விடக் குறைந்திருக்கிறது என்று 2024-ல் வெளியான காக்ரேன் ஆராய்ச்சித் தொகுப்பு கூறுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைடுக்கும் குழந்தைகளின் புத்திக் குறைவுக்கும் சம்பந்தம் காணப்படுகிறது என்று அமெரிக்க சர்க்காரின் நச்சியல் ஆராய்ச்சிக் குழுவும் அதே வருஷம் அறிக்கை கொடுத்தது. 0.7 அளவைப் பற்றி முடிவு சொல்லப் போதுமான ஆதாரமில்லை என்றும் அதே அறிக்கை சொல்லிற்று. முதல் பாதியை மாத்திரம் படித்துவிட்டு ஊர் ஊராய்ப் பறையடிப்பவர்கள் இரண்டாம் பாதியையும் படித்தால் நல்லது. 2025-ல் யூட்டா, புளோரிடா ஆகிய இரண்டு அமெரிக்க ராஜ்யங்கள் தண்ணீரில் புளோரைடு சேர்ப்பதையே சட்டசபை மூலம் தடுத்துவிட்டன. சேர்த்துக்கொள்ளலாம் என்று ஓர் ஊரார் ஓட்டுப் போட்டிருந்தாலும் அங்கே இனிச் செல்லாது. தனி மனிதன் சுதந்திரத்தின் பேரால் நடந்த இந்தக் காரியத்தில் ஓர் ஊரின் சுதந்திரம் எங்கே போயிற்று என்று அவர்களைத்தான் கேட்கவேண்டும்.

கால்கரிச் சமாசாரத்துக்கு வருவோம். ஜனங்கள் 2021 அக்டோபரில் ஓட்டுப் போட்டார்கள். நவம்பரில் புதிய நகரசபை 13-க்கு 2 என்ற ஓட்டில் தீர்மானம் செய்தது. தண்ணீரில் புளோரைடு திரும்ப வந்ததோ 2025-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி! தூக்கிப்போட்டதைத் திருப்பிவைக்க ஏறக்குறைய நான்கு வருஷமும், சுமார் 2 கோடியே 80 லட்சம் டாலரும் ஆயிற்று. சிக்கனத்தின் பேரால் நிறுத்தியவர்கள் இந்தக் கணக்கை எந்தப் புத்தகத்தில் எழுதுவார்களோ நாமறியோம். நிறுத்தியதற்கும் திரும்ப வந்ததற்கும் நடுவே பதினான்கு வருஷம் போயிற்று. ஒரு குழந்தை பிறந்து, பால்பல் விழுந்து, ஆயுளுக்கும் இருக்கவேண்டிய பல் முளைத்து முடிய அவ்வளவு காலம் போதும்.

இனி அங்கே நடக்கவேண்டியது ஒன்று உண்டு. 2018-19-ல் எண்ணியதுபோலவே, சில வருஷம் கழித்து, கால்கரியின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாயை மறுபடி திறந்து பார்த்து எண்ணவேண்டும். சொத்தை குறைந்திருந்தால் எவ்வளவு குறைந்தது என்று இந்தப் பத்தியில் எழுதுவோம். குறையாதிருந்தால் அதையும் இதே பத்தியில், இதே அளவு எழுத்தில் எழுதுவோம்.