இறக்கத்தில் இறங்கும் பிள்ளைக்கு

2022இல் பெற்றோலுக்காக வரிசையில் காத்து நின்றதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். மூலையில் கிடந்த சைக்கிள்கள் அந்த வருடம்தான் மீண்டும் வீதிக்கு வந்தன. வரிசை போய்விட்டது, சில வீடுகளில் சைக்கிள் தங்கிவிட்டது. இப்போது அதைப் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்துச் சமதரை வேறு. ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள நம் கண்டி வேறு. இங்கே ஏற்றம், இறக்கம், வளைவு. அதே பாதையில்தான் பஸ், லொறி, ஆட்டோ எல்லாமே.

ஆகவே சைக்கிளைக் கையில் கொடுக்குமுன் இவற்றைச் சொல்லிக் கொடுங்கள்.

முதலாவது, வேகம். இறக்கத்தில் மிதிக்காமலே மணிக்கு 30 கிலோமீற்றர் வேகம் வந்துவிடும். அது விநாடிக்கு 8 மீற்றருக்கும் அதிகம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் சைக்கிள் அவ்வளவு தூரம் போய்விடுகிறது. மழையில் சில்லு நனைந்திருந்தால் இன்னும் தாமதம். வளைவுக்கு முன்பே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, நிறுத்தியிருக்கும் கார். அதன் கதவு எந்த நேரமும் திறக்கலாம். ஒரு மீற்றராவது விலகிப் போகட்டும். கார் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை: வலப்பக்கக் கதவை இடக்கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும். பின்னால் வருபவர் கண்ணில் படுவார். பிரித்தானியா 2022இல் இந்தப் பழக்கத்தைத் தன் வீதி விதிநூலிலேயே சேர்த்துக்கொண்டது.

மூன்றாவது, லொறியும் பஸ்ஸும். சாரதி இருப்பது வலப்பக்கம். இடப்பக்கத்தை ஒட்டிச் செல்லும் சிறுவன் அவருக்குத் தெரியாமல் போகலாம். கட்டுகஸ்தோட்டை போன்ற சந்திகளில் லொறியின் இடப்பக்கமாக நுழைந்து முந்தவே கூடாது. அது இடம் திரும்பினால் ஒதுங்க வழியிராது. பின்னால் நிற்பதே பாதுகாப்பு.

நான்காவது, இருட்டு. மஃரிபுக்குப் பின் ஓட்டுவதானால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். கறுப்பு உடை வேண்டாம்.

"ஓரமாகப் போ மகன்" என்று சொல்லி அனுப்புகிறோம். ஆனால் கானை ஒட்டிப் போகிறவன், குழியைக் கண்டதும் சட்டென்று வலப்பக்கம் வெட்டுவான். அங்கேதான் கார் வரும். இடப்பக்கம்தான், ஆனால் சற்று விலகி, நேராகப் போகட்டும். திரும்புமுன் பின்னால் பார்த்துக் கை காட்டட்டும்.

வருகிற விடுமுறையில் ஒரு காலை, பிள்ளை போகும் பாதையில் அவனோடு நடந்து பாருங்கள். கார் எங்கே நிற்கிறது, வளைவு எங்கே மறைக்கிறது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்லத் தவறிய இடத்தில் நின்று பொறுமையாகக் காட்டிக் கொடுங்கள்.