கைகாட்டுபவர் கையில் ஒரு தாள்

புதுச்சேரியின் காரைக்கால் மாவட்டத்தில் உள்ள விழிதியூரைச் சுற்றிப் பெரிய நிறுவனங்களுக்குக் குறைவில்லை. நிரவியில் ஓ.என்.ஜி.சி. இருக்கிறது. வாஞ்சூரில் 2009-இல் இயங்கத் தொடங்கி 2023-இல் அதானி குழுமத்தின் வசம் போன காரைக்கால் துறைமுகம் இருக்கிறது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் பனங்குடியில் எண்ணெய் நிறுவனமான சி.பி.சி.எல். இத்தனை இருந்தும், லேத் பட்டறை, ஃபேப்ரிகேஷன், கேட்டரிங், வாகன வாடகை என்று பிழைக்கிற உள்ளூர்ச் சிறுதொழில்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "உள்ளே ஆள் இல்லாமல் நடக்காது" என்றுதான் பதில் வரும். போதாக்குறைக்கு மாநில எல்லை வேறு. பக்கத்து நாகூருக்கு ஒரு இரும்பு கேட் செய்து அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. பில். ஆள் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆள் கட்சிக்காரரோ, சொந்தக்காரரோ, கமிஷன் ஏஜெண்டோ அல்ல. ஏற்கெனவே உங்களிடம் வேலை வாங்கித் திருப்தியடைந்த வாடிக்கையாளர்தான் அந்த ஆள். அவர் வாய் திறக்காமல் இருக்கிறார் என்றால், சொல்வதற்கு அவர் கையில் எதையும் நாம் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

பெரிய இடத்துக்கு ஒருவர் வழியாகப் போவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காலத்தில், கும்பினித் துரைமாருக்கும் உள்ளூர் வணிகருக்கும் நடுவில் நின்றவர் துபாஷி. புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், யாரை முன்னால் நிறுத்துவது, யாரை நம்புவது என்ற கணக்கு ஓயாமல் ஓடுவதைப் பார்க்கலாம். அறிமுகம் செய்பவர் தன் பெயரையும் சேர்த்தே அடகு வைக்கிறார், அதனால்தான் அறிமுகத்துக்கு மதிப்பு. அந்த மதிப்பை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு வங்கியின் ஏறக்குறைய 10,000 வாடிக்கையாளர்களை மூன்று ஆண்டுக் காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-இல் வெளியானது. பிறர் சொல்லி வந்த வாடிக்கையாளர், தானாக வந்தவரைவிட வங்கிக்குச் சுமார் 16 சதவீதம் கூடுதல் மதிப்புள்ளவராக இருந்தார், விட்டுப் போவதும் குறைவு. அது தனிநபர் வங்கிக் கணக்கு, கம்பெனி ஒப்பந்தம் அல்ல என்பது உண்மைதான். ஆனால் தனிநபருக்கே இப்படி என்றால், தவறான காண்டிராக்டரைக் கொண்டுவந்தால் பதில் சொல்ல வேண்டிய மெயிண்டனன்ஸ் மேலாளர் எவ்வளவு யோசிப்பார்?

அந்த யோசனைக்கு மருந்துதான் வாடிக்கையாளர் செய்திமடல். நம் ஊரில் செய்திமடல் என்ற பெயரில் வருவது பெரும்பாலும் பொங்கல் வாழ்த்து, முதலாளி பொன்னாடை வாங்கும் படம், புதுக் கிளைத் திறப்பு விழா. அதை யாரும் யாருக்கும் அனுப்ப மாட்டார்கள். அமெரிக்காவில் ஜான் டீர் நிறுவனம் 1895-இல் தொடங்கி இன்றும் நடத்தும் 'தி ஃபரோ' இதழ் உழவைப் பற்றிப் பேசுகிறது, டிராக்டர் விற்பனை அதில் பின்னால்தான் வருகிறது. நம் பட்டறைக்காரருக்கு இதழ் வேண்டாம், மாதம் இரண்டு பக்கம் போதும். ஒரு பம்ப் ஷாஃப்ட் ஏன் தேய்ந்தது, கோளாறு பேரிங்கிலா அலைன்மெண்டிலா, எத்தனை மணி நேரத்தில் சரியானது. உப்புக் காற்றில் எந்த பிரைமர் அடித்த கைப்பிடிக் கம்பி எத்தனை மாதம் துரு பிடிக்காமல் நின்றது, எது உரிந்தது. உரிந்ததையும் எழுத வேண்டும், அப்போதுதான் மற்றதை நம்புவார்கள். இப்படி ஒரு தாளை வாடிக்கையாளர் தன் சக மேலாளருக்குக் கூச்சமில்லாமல் அனுப்பலாம். வாடிக்கையாளரின் பெயரையும் ஆலை விவரத்தையும் மட்டும் எழுத்து அனுமதி இல்லாமல் போடக் கூடாது.

பெரிய நிறுவனங்கள் டெண்டர் வைத்துத்தானே கொடுக்கின்றன, இந்தத் தாள் எதற்கு என்று கேட்கலாம். டெண்டரின் தகுதிப் பக்கத்தைப் படித்தால் பதில் அங்கேயே இருக்கிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-இல் காட்டிய வழியில், கடந்த 7 ஆண்டுகளில் மதிப்பீட்டுத் தொகையில் 40 சதவீத அளவுக்கு மூன்று வேலை, அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று முடித்திருக்க வேண்டும். 50 லட்ச ரூபாய் டெண்டருக்கு 20 லட்சத்தில் மூன்று வேலைக்கான சான்று வேண்டும். அந்த கம்ப்ளீஷன் சர்டிபிகேட் என்ன? பழைய வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பரிந்துரைதான். அந்த 20 லட்ச வேலைகள் டெண்டர் விளம்பரம் பார்த்து வருவது அபூர்வம், ஒருவர் கைகாட்டி இன்னொருவர் கூப்பிட்டுத்தான் வருகின்றன. பொதுத்துறைக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களுக்கு என்ற விதி இருக்கிறது, முன்னனுபவ நிபந்தனையைத் தளர்த்தவும் இடமுண்டு. தளர்த்துவதா வேண்டாமா என்பது வாங்குபவர் கையில் இருக்கும்வரை, அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. சிபாரிசு என்றாலே நம் மக்களுக்கு நினைவு வருவது கைக்கூலி. அதில் தப்பில்லை, அனுபவம் அப்படி. ஆகவே கோடு தெளிவாக இருக்க வேண்டும்: கைகாட்டுபவருக்குப் பணமோ பரிசோ கூடாது. அந்த ஜெர்மன் வங்கி 25 யூரோ கொடுத்தது, இங்கே நிறுவன ஊழியருக்கு அப்படிக் கொடுத்தால் அது லஞ்சம். டெண்டரில் லஞ்சத்துக்கு இடமில்லை என்று இரு தரப்பும் எழுதிக் கொடுக்கும் நேர்மை உடன்படிக்கையை நாட்டிலேயே முதலில் ஏற்ற பொதுத்துறை நிறுவனம் ஓ.என்.ஜி.சி., 2006-இல். இடைத்தரகருக்குக் கொடுக்கும் தொகையை அந்த உடன்படிக்கையின்படி வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். செய்திமடல் திறந்த தாள், யாரும் படித்துச் சரிபார்க்கலாம். காதோடு காதாகச் சொல்லப்படும் சிபாரிசை அப்படிச் சரிபார்க்க வழியில்லை.

யார் படிப்பார்கள் என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. நாற்பது பேருக்கு அனுப்பி நான்கு பேர் படித்தால் போதும், அந்த நால்வரில் ஒருவர் கொள்முதல் பிரிவில் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் படங்களுக்கு நடுவே போகட்டுமே, ஃபார்வர்டு செய்ய வசதியாகப் பி.டி.எஃப். ஆக இருந்தால் சரி.

நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை முடிந்து கடைசி பில் பாஸாகும் நாளிலேயே கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டையும் கொடுத்துவிடுங்கள். சிறிய காண்டிராக்டர் அடுத்த டெண்டருக்கு விண்ணப்பிக்க அந்தத் தாள்தான் வேண்டும்.