தாங்கும் கைகளைத் தாங்குவார் யார்?

மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் காலைப்பொழுதில் சற்று நின்று பார்ப்பவர் கண்ணில் ஒரு காட்சி அடிக்கடி படும். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திண்டுக்கல் மார்க்கமாக வரும் பஸ்களிலிருந்து இறங்கும் கூட்டத்தில், வயது முதிர்ந்த தாய் ஒருத்தி வளர்ந்த மகனின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு இறங்குகிறாள். மறு கையில் ஒரு துணிப்பை. அதில் மடிப்புக் கலையாத ஒரு மருந்துச் சீட்டு. கோரிப்பாளையத்துக்கு டவுன் பஸ் ஏறி, அரசாங்க ராஜாஜி ஆஸ்பத்திரியில் காத்திருந்து, மருந்து பெற்று, அந்தி சாய்வதற்குள் ஊர் திரும்ப வேண்டும். அன்றைய கூலி போயிற்று. மகன் தூங்குகிறானா, மருந்தை உட்கொள்கிறானா என்று டாக்டர் வினவுவார், வினவ வேண்டியதே. ஆனால் அத்தாய் தூங்கினாளா என்று கேட்பவர் யார்?

மனநோயாளர்களின் துன்பத்தைப்பற்றி நம் நாட்டில் இப்பொழுது ஓரளவு பேசுகிறார்கள். அவர்களைப் பேணும் குடும்பத்தாரின் துன்பத்தைப்பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆகையால் இன்று அவர்கள் பொருட்டே எழுதத் துணிகிறோம். நோயாளரைத் தாங்கும் கையைத் தாங்காமல் நோயாளருக்கு மட்டும் நன்மை செய்துவிடலாம் என்று நினைப்பது வீண் நினைப்பு என்பதே நமது கருத்து.

பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 ராஜ்யங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 100-க்கு 10 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்கின்றனர். நோய்க்குத் தக்கபடி, சிகிச்சை பெறாதவர்கள் 100-க்கு 70 முதல் 92 வரை. சிகிச்சை பெறும் குடும்பமோ மருந்துக்கும் பிரயாணத்துக்குமாக மாதந்தோறும் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிட்டதாக அவ்வாய்வே கூறுகிறது. தினக்கூலியில் ஜீவிக்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் ஏறாத செலவு வேறு இருக்கிறது. அதை வீட்டினுள் நுழைந்து பார்த்தால்தான் அறியலாம்.

ஓர் அறையும் ஒரு தாழ்வாரமுமே உள்ள வீடு. மூத்த மகனுக்குச் சித்தப்பிரமை. இரவில் அவன் எழுந்து வெளியே போய்விடுவானோ என்று தாய் வாசற்படியில் குறுக்கே படுக்கிறாள். அரிவாள்மனையை ஒளித்து வைக்கிறாள். மருந்து வேண்டாமென்று அவன் மறுக்கும் நாட்களில், அதைச் சோற்றில் கலந்து கொடுக்கலாமா, அது அவனை வஞ்சிப்பதாகுமா என்று தனக்குள் போராடுகிறாள். இளையவளுக்கு வரன் பார்க்கும் காலமாதலால் மூத்தவனுடைய நோயை ஊருக்கு மறைக்கிறாள். மறைப்பதற்காக உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்துகிறாள். நோயை மறைக்கப் புகுந்த குடும்பம் நாளடைவில் தன்னையே மறைத்துக் கொள்கிறது. இவ்வளவுக்கும் பிறகு, 'வளர்த்த வளர்ப்பு சரியில்லை' என்ற பழிச்சொல்லும் அவளுக்கே வருகிறது. வருஷக்கணக்கில் இப்படி விழித்திருப்பவள் தானும் மனச்சோர்வுக்கு இரையாவதில் வியப்பென்ன?

இத்தகைய களைப்பின் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு ஒரு முறை கண்டது. 2001-ம் வருஷம் ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதியின் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்பி ஓட வழியின்றி வெந்து மாண்டனர். இறந்தவர் 28 பேர். நாடு பதறிற்று. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே முன்வந்து அவ்விஷயத்தை எடுத்துக் கொண்டது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. நூற்றுக்கணக்கானோர் சர்க்கார் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர்.

அச்சங்கிலிகளைப் பூட்டியவர்கள் விடுதிக்காரர்கள் என்று சொல்லி நாம் ஆறுதல் அடைந்தோம். ஆனால் அவ்விடுதிகளின் வாசல்வரை நோயாளரைக் கைபிடித்து அழைத்து வந்தவர்கள் யார்? பெற்றோரும் உடன்பிறந்தோருமே. அவர்களெல்லாம் கல் நெஞ்சர்கள் என்று கூற நாம் தயாராயில்லை. கையிலிருந்ததை விற்று, வைத்தியம் பார்த்து, மந்திரம் பார்த்து, அயலார் ஏச்சைக் கேட்டு, இனி ஒரு நாளும் இயலாது என்ற நிலையில்தான் அவர்களிற் பலர் அங்கே வந்திருப்பர். வேறு எந்தக் கதவும் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை.

தர்காவையும் கோவிலையும் குறை கூறுவது நமது நோக்கமன்று. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கிய 31 மனநோயாளரை ஆராய்ந்தவர்கள், தங்கள் முடிவுகளை 2002-ல் இங்கிலாந்தின் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டனர். பராமரிப்பவர் உடன் தங்க, சராசரி ஆறு வாரம் அங்கிருந்தவர்களுக்கு நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்திருந்தனவாம். மருந்து வேண்டாமென்பதற்கு இது சான்றாகாது. ஆனால் ஏசாத முகமும், பழிக்காத சூழலும், நோயாளரும் அவரைப் பேணுவோரும் சேர்ந்து தங்க ஓர் இடமும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இது சான்றாகும்.

வைத்தியசாலைகளும் இதை அறியாதவை அல்ல. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் நோயாளரின் உறவினர்களுக்கு ஆஸ்பத்திரி மைதானத்திலேயே கூடாரங்கள் அடித்துக் கொடுத்தார். 1957-ல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியின் மனநல நிலையம் குடும்பத்தாரையும் உடன் தங்கச் செய்யும் முறையைக் கைக்கொண்டது. நோயின் இயல்பைக் குடும்பத்துக்கு முறையாகக் கற்பித்தால், நோய் மீண்டும் மீண்டும் தலைதூக்குவது குறைகிறதென்று பிற தேசத்து ஆராய்ச்சிகளும் காட்டியிருக்கின்றன. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் ஸ்கார்ஃப் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார். நம் மதுரையிலும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992-ல் தொடங்கப்பட்டது. வழி இல்லாமலில்லை. அவ்வழி ஆரப்பாளையத்தில் இறங்கும் ஏழைத் தாயின் வாசல்வரை வரவில்லை என்பதே நமது குறை.

சட்டமும் இல்லாமலில்லை. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் அமுலில் இருக்கிறது. மனநோயாளர் எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று அதன் 95-வது பிரிவு கண்டிப்பாக விலக்குகிறது. அதனை நாம் முழுமனதுடன் வரவேற்கிறோம். அச்சட்டத்தின் 18-வது பிரிவோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நோயாளரின் குடும்பத்துக்குத் துணைபுரியும் சேவைகளைச் சர்க்கார் ஏற்படுத்த வேண்டுமென்றும், இடைக்கால இல்லங்கள் அமைக்க வேண்டுமென்றும், சிகிச்சைக்காக எவரையும் நெடுந்தூரம் பிரயாணம் செய்ய வைக்கலாகாதென்றும் அது விதிக்கிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் மனநோயையும் ஒரு மாற்றுத் திறனாகச் சேர்த்து, மிகுந்த துணை வேண்டுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித் தொகை அளிக்கவும் இடம் செய்திருக்கிறது. இவை எவருடைய தயவுமல்ல, பிரஜைகளின் உரிமை.

சங்கிலியை விலக்கிய பிரிவைச் சர்க்கார் உரத்த குரலில் வாசிக்கிறது; குடும்பத்துக்குத் துணை செய்யச் சொன்ன பிரிவை மெல்லிய குரலில் வாசிக்கிறது. 'கட்டாதே' என்று கட்டளையிட்ட சட்டம், 'நீ உறங்கும் இரவில் நாங்கள் விழித்திருக்கிறோம்' என்றும் சொல்ல வேண்டாமா? அதைச் சொல்லாத வரையில், சங்கிலி கொட்டகையை விட்டுப் போய், பூட்டிய அறைக்குள் புகுந்துகொள்ளும்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. முதலாவது, மாதாந்தர மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தட்டின்றிக் கிடைக்க வேண்டும். ஒரு மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழக்கும் கொடுமை ஒழிய வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு பெரும் பேட்டையிலும், ஆரப்பாளையம் போன்ற இடங்களில் முதன்முதலாக, பகற்பொழுதில் நோயாளரைப் பேணி ஒரு கைத்தொழிலும் கற்பிக்கும் இல்லம் ஒன்றை மாநகராட்சி ஏற்படுத்த வேண்டும். தாய் வேலைக்குப் போகவும், தனக்கு நோய் வந்தால் படுக்கவும் அதனால் இயலும். மூன்றாவது, பராமரிப்பாளர் உதவித் தொகை மனநோயாளர் குடும்பங்களுக்கும் அலைச்சலின்றிச் சேர வேண்டும். நோய் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அத்தாட்சிச் சீட்டுக்கு அவர்களைப் பலமுறை நடக்க விடுவது நியாயமன்று. நான்காவது, நோயாளரைப் பரிசோதிக்கும் இடத்தில் பராமரிப்பவரின் உடல்நலமும் மனநலமும் விசாரிக்கப்பட வேண்டும்.

ஐந்தாவது வேண்டுகோள் எல்லாவற்றினும் கடினமானது. இத்தாய்மார் அனைவரின் உள்ளத்தையும் அரிக்கும் கேள்வி, 'எனக்குப் பின் இவனுக்கு யார்?' என்பதே. 1999-ம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பன்முக ஊனம் ஆகியவற்றை உடையவர்களுக்காக ஏற்பட்டது. மனநோய் அதில் சேரவில்லை. பெற்றோர் மறைந்தபின் தெருவில் நிற்காதபடி, மேற்பார்வையுடன் கூடிய கௌரவமான இருப்பிடங்கள் இவர்களுக்கு ஜில்லாதோறும் அமைய வேண்டும்.

'மகனைப் பேணுவது தாயின் தர்மம். அதற்குச் சர்க்கார் உதவியா?' என்று கேட்பாரும் உண்டு. தர்மம் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் ஒருவர் தலைமேல் மட்டும் ஏற்றிவைத்த தர்மம் மற்றவர்களுக்கு வெறும் சௌகரியமாய் முடிகிறது. இங்கிலாந்தில் 2014-ம் வருஷத்துச் சட்டம், பராமரிப்பவர் தம் சொந்தத் தேவைகளைச் சர்க்கார் மதிப்பிடக் கோரும் உரிமையை வழங்கிற்று. அதனால் அங்கே தாயன்பு குறைந்துவிட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

நமது பத்திரிகையைப் படிக்கும் ஆண்மக்களுக்கும், பொது ஊழியத்தில் இறங்கியுள்ள தொண்டர்களுக்கும் ஒரு சொல். இவ்வூழியம் பெரும்பாலும் தாயார், மனைவி, சகோதரியர் தோளிலேயே நடைபெறுகிறது. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, வீட்டில் தமையனின் மருந்து வேளை இன்னதென்று அறியாதிருப்பவர் நம்மில் இல்லையா? மாதம் ஒரு முறை அந்தப் பஸ் பிரயாணத்தை நாம் மேற்கொள்வோம். வாரம் ஓர் இரவு நாம் விழித்திருப்போம். வார்டு பிரதிநிதியிடம் சாலையும் சாக்கடையும் கேட்கும் வாயால் பகல் இல்லமும் கேட்போம். 2022 அக்டோபர் முதல் நடைபெறும் டெலி-மானஸ் என்னும் இலவச மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416 என்பதை, அறியாத வீடுகளுக்கு அறிவிப்போம். நோயாளருக்கு மட்டுமல்ல, களைத்துப்போன பராமரிப்போருக்கும் அது உரியது. 'பைத்தியக்கார வீடு' என்ற சொல் நம் தெருவில் ஒலிக்காதபடி பார்த்துக் கொள்வோம். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஏர்வாடியில் மாண்ட 28 பேருக்காக நாம் வருந்தியது மெய்யானால், இன்று காலை ஆரப்பாளையத்தில் மகனின் மணிக்கட்டைப் பற்றியபடி இறங்கிய தாய்க்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அவள் பிடி தளராமலிருப்பதால்தான் சர்க்காரும் சமூகமும் நிம்மதியாய் உறங்குகின்றன. அக்கை ஓயுமுன் நம் கை அங்கே சேர வேண்டும்.