நெற்றிக் காசிலும் கமிஷன்!

பிணத்தின் நெற்றிக் காசைத் திருடுகிறவன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் அவனைத் திட்ட நம் ஊரில் வார்த்தை கிடையாது. ஐக்கிய அமெரிக்காவில் அந்தக் காரியம் சட்டப்படி நடக்கும் வியாபாரம். அதற்கு ஆபீஸ் உண்டு, விளம்பரம் உண்டு, ஏஜெண்டு உண்டு, கமிஷன் உண்டு. ஒரு வித்தியாசம்: ஆள் சாகும்வரை அவர்கள் காத்திருப்பதில்லை. உயிரோடிருக்கும்போதே மாதாமாதம் எடுத்துக்கொள்கிறார்கள்.

"இறுதிச் செலவு இன்ஷூரன்ஸ்" என்று இதற்குப் பெயர். சாவுச் செலவுக்கான ஆயுள் பாலிஸி. 50 வயது முதல் 80, 85 வயது வரை உள்ளவர்களுக்கு விற்கிறார்கள். தொகை பெரும்பாலும் 5,000 டாலர் முதல் 25,000 டாலர் வரை. டாக்டர் பரிசோதனை இல்லை. சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். சில பாலிஸிகளில் அந்தக் கேள்விகளும் இல்லை.

யார் வாங்குகிறார்கள்? பணக்காரன் வாங்குவதில்லை. அவன் சாவுக்கு அவன் சொத்தே போதும். ஆயுள் முழுவதும் ஆலையிலும் ஹோட்டலிலும் பிறர் வீட்டுச் சமையற்கட்டிலும் உழைத்து, கடைசியில் சர்க்கார் ஓய்வுத்தொகை ஒன்றையே நம்பி வாழும் கிழவர்களும் விதவைகளுமே வாங்குகிறார்கள். "என் பிணத்தை எடுக்க என் பிள்ளைகள் கடன் வாங்கக் கூடாது" என்பது அவர்கள் கவலை. மானமுள்ள உழைப்பாளியின் கவலை அது. அந்த மானத்தின் மீதுதான் கம்பெனிகள் கடை விரித்திருக்கின்றன.

பயம் எங்கிருந்து வந்தது?

இந்தப் பயம் கற்பனையல்ல. அமெரிக்க ஈமச்சடங்கு நடத்துனர் சங்கத்தின் கணக்குப்படி, 2023ல் உடலைப் பார்வைக்கு வைத்து அடக்கம் செய்ய ஆகும் இடைநிலைச் செலவு 8,300 டாலர். சமாதிக்கான நிலமும் கல்லும் தனிச் செலவு.

இதற்கு சர்க்கார் என்ன தருகிறது? சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சாவுக்கு ஒரு தொகை உண்டு: 255 டாலர்! 1954ல் வைத்த உச்ச வரம்பு அது. ரொட்டி விலை ஏறிற்று, வாடகை ஏறிற்று, சவப்பெட்டி விலை ஏறிற்று. இந்தத் தொகை மட்டும் நகரவில்லை. அதையும் கணவனோ மனைவியோ, விதிகளுக்கு உட்பட்ட பிள்ளையோதான் பெறலாம்.

"அப்படியானால் ஏழை சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கட்டுமே" என்று உபதேசிப்பார்கள். கேளுங்கள் இந்த வேடிக்கையை! பரம ஏழையான முதியோருக்கென்று அங்கே ஓர் உதவித்தொகை உண்டு. 2024ல் தனியாளுக்கு அதன் உச்ச அளவு மாதம் 943 டாலர். அதை வாங்குகிறவர் கையிருப்பாக 2,000 டாலருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால் உதவி நின்றுவிடும். இந்த வரம்பு 1989லிருந்து மாறவில்லை. சாவுச் செலவுக்கென்று தனியாக ஒதுக்க அனுமதிப்பது 1,500 டாலர். அடக்கச் செலவோ எட்டாயிரத்துக்கு மேல். சேர்த்தால் குற்றம், சேர்க்காவிட்டால் பிள்ளைகளுக்குக் கடன்! இப்படி நான்கு பக்கமும் வேலி அடைத்துவிட்டு, ஒரு சந்தை மட்டும் திறந்து வைத்தார்கள். அந்தச் சந்தில் கமிஷன் ஏஜெண்டு நிற்கிறான்.

கணக்குப் பார்ப்போம்

70 வயதுப் பாட்டி ஒருவர் 10,000 டாலர் பாலிஸி எடுக்கிறார். மாதப் பிரீமியம் 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 720. பதினான்கு வருஷத்தில் 10,080 டாலர். அதாவது 84 வயதைத் தாண்டினால், பிள்ளைகள் பெறப்போகும் தொகைக்கு மேல் அவரே கட்டியிருப்பார். நீண்ட நாள் வாழ்ந்ததற்கு அபராதம்!

மூன்றாவது வருஷத்தில் இறந்தால் குடும்பத்துக்கு லாபந்தானே என்று கேட்கலாம். ஆம், முழுத் தொகையும் கிடைக்கும்; மறுக்கவில்லை. கடும் நோயாளிக்கு வேறெந்தக் கம்பெனியும் பாலிஸி தராதபோது இது உதவுவதும் உண்டு. ஆனால் "கேள்வியே கேட்க மாட்டோம்" என்று விற்கிற பாலிஸியின் பொடி எழுத்தைப் படியுங்கள். முதல் இரண்டு வருஷத்துக்குள் நோயால் இறந்தால் முழுத் தொகை இல்லை. கட்டிய பிரீமியமும், அதன் மேல் வழக்கமாக 10 சதவிகிதமும் மட்டுமே. விளம்பரத்தில் "யாருக்கும் மறுப்பில்லை" என்பது கொட்டை எழுத்து. இந்த இரண்டு வருஷ விஷயம் எறும்பு எழுத்து.

மோசமானது இன்னொன்று. ஆறு வருஷம் ஒழுங்காகக் கட்டினார். 4,320 டாலர் போயிற்று. ஏழாம் வருஷம் வாடகை உயர்ந்தது, மருந்துச் செலவு கூடியது, பிரீமியம் நின்றது. சுமார் ஒரு மாத அவகாசம் தருவார்கள். பிறகு பாலிஸி செத்துவிடும். சரண்டர் செய்தால் கிடைப்பது கட்டியதில் ஒரு சிறு பகுதிதான். பாட்டி உயிரோடிருக்கிறார், அவருடைய சாவுச் செலவுப் பணம் செலவாகிவிட்டது!

வேறொரு வலையும் உண்டு. பாலிஸித் தொகை 1,500 டாலருக்கு மேலிருந்தால், அதன் சரண்டர் மதிப்பு அந்த 2,000 டாலர் கையிருப்புக் கணக்கில் சேரும். வருஷம் போகப் போக மதிப்பு வளரும். உதவித்தொகைக்கே ஆபத்து வரலாம். விற்கும்போது இதை எத்தனை பேர் சொல்லுகிறார்கள்?

வசூலிக்கும் முறையைப் பாருங்கள். ஓய்வுத்தொகை பாங்கியில் விழும் தேதியைத் தெரிந்துகொண்டு, அதே நாளில் பிரீமியத்தைப் பிடிக்கும்படி ஏற்பாடு செய்கிறார்கள். அரிசிக்கு முன்னால், மருந்துக்கு முன்னால், சவப்பெட்டிக்கு!

விற்பவன் யார்?

வாசலில் வந்து நிற்கும் ஏஜெண்டைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவன் கதையையும் கேட்க வேண்டும். அவனுக்குச் சம்பளம் இல்லை, லீவு இல்லை, பென்ஷன் இல்லை. "நீ சுயேச்சையான வியாபாரி" என்று கம்பெனி எழுதி வாங்கிக்கொள்கிறது. முதல் வருஷப் பிரீமியத்தில் 80, 90, 100 சதவிகிதம் கூட அவனுக்குக் கமிஷன் என்கிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்ற விலாசங்களை அவனே காசு கொடுத்து வாங்க வேண்டும். தபாலில் அட்டை அனுப்பிப் பெற்ற ஒரு விலாசத்துக்கு 30, 40 டாலர் ஆவது சகஜம். அந்த அட்டைகளில் பல, சர்க்கார் கடிதம் போலவே அச்சிடப்படுகின்றன. ஏதோ சலுகை வருகிறது என்று நம்பிப் பாட்டி பூர்த்தி செய்து அனுப்புகிறார். பழைய விலாசங்கள் பல ஏஜெண்டுகளுக்குத் திரும்பத் திரும்ப விற்கப்படுகின்றன.

கமிஷனில் பெரும்பகுதியைக் கம்பெனி முன்பணமாகக் கொடுக்கிறது. சில மாதத்தில் பாட்டி பிரீமியத்தை நிறுத்தினால், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குகிறது. வாங்கியவளுக்கு நஷ்டம், விற்றவனுக்குக் கடன். விலாசம் விற்றவனுக்கு மட்டும் நஷ்டமே இல்லை. ஏஜெண்டுக்கு மேல் ஏஜெண்டு, அவனுக்கு மேல் ஒருவன் என்று படிப்படியாகப் பங்கு பிரிக்கிறார்கள். முதல் மாதமே கமிஷன் கிடைக்காவிட்டால் சோறு இல்லை என்ற நிலையில் ஒருவனை நிறுத்திவிட்டு, "வயதானவர்களிடம் உண்மையைப் பேசு" என்று உபதேசிப்பதில் என்ன அர்த்தம்? பசித்தவனைக் கொண்டு ஏழையைப் பிடிக்கிற ஏற்பாடு இது.

பழைய வியாபாரம்

இது நேற்று முளைத்ததல்ல. 1875ல் நியூஜெர்ஸியின் நெவார்க் நகரத்தில் தொடங்கிய புருடென்ஷியல் சங்கம், தொழிலாளர்களிடம் வாரம் 3 சென்ட் முதல் வசூலித்துச் சாவுச் செலவு இன்ஷூரன்ஸ் விற்றது. அந்தச் செப்புக் காசுகளில் எழுந்ததுதான் பிற்கால மாபெரும் கம்பெனி. 1881ல் அது கறுப்பின மக்களுக்கு, அதே பிரீமியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு குறைத்துத் தரத் தீர்மானித்தது. சாவிலும் நிறம் பார்த்தார்கள்! கறுப்பின மக்களிடம் கூடுதலாக வசூலித்த பழைய பாலிஸிகளுக்காக, அமெரிக்கன் ஜெனரல் என்ற கம்பெனி 2000ம் ஆண்டில் சுமார் 206 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

லூயிஸ் பிராண்டைஸ் என்ற வக்கீல் 1906ல் இந்த வாரப் பிரீமிய வியாபாரத்தை ஆராய்ந்து கண்டித்தார். தொழிலாளியின் காசில் பெரும்பகுதி ஏஜெண்டு செலவிலும் நிர்வாகச் செலவிலும் கரைவதைக் காட்டினார். அவர் கம்யூனிஸ்டு அல்ல; பின்னாளில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் நீதிபதியானவர். அவர் முயற்சியால் 1907ல் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் சேமிப்பு பாங்கிகளே, வீடு வீடாக ஏஜெண்டை அனுப்பாமல், ஆயுள் இன்ஷூரன்ஸ் விற்கச் சட்டம் வந்தது. ஆகவே மாற்று வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சவ அடக்க முதலாளிகளையும் மறக்கக் கூடாது. தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற சாவு உதவித்தொகை முழுவதும் அவர்கள் கைக்கே போவதை ராபர்ட் டிரூஹாஃப்ட் என்ற சங்க வக்கீல் கண்டார். அவர் மனைவி ஜெஸிகா மிட்ஃபோர்டு 1963ல் புத்தகம் எழுதி அதை ஊரறியச் செய்தார். விலைப்பட்டியல் காட்டியே தீர வேண்டும் என்ற மத்திய விதி 1984ல்தான் அமுலுக்கு வந்தது. ஆக, ஒருவன் சாவின் விலையை ஏற்றுகிறான். மற்றவன் அந்த விலையைக் காட்டிப் பயமுறுத்தி பாலிஸி விற்கிறான்.

அவர்கள் சொல்லும் நியாயம்

"யாரையும் நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை" என்கிறார்கள். சேமிக்கவிடாத சட்டம் ஒரு பக்கம், 255 டாலர் மறு பக்கம். நடுவில் நிற்பவளுக்கு என்ன சுதந்திரம்? "வயதானவர்களுக்குச் சாவு நெருக்கம், அதனால் பிரீமியம் அதிகம்" என்கிறார்கள். வயதுக்கேற்ற விலை இருக்கட்டும். முதல் வருஷப் பிரீமியத்தை முழுவதும் விழுங்கும் கமிஷனும் வயதினால் வந்ததா? விலாச வியாபாரியின் லாபமும் வயதினால் வந்ததா?

நமக்கென்ன?

அமெரிக்கப் பாட்டியின் கதை நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் 1956ல் 245 தனியார் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களை எடுத்துக்கொண்டு ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் அமைந்தது. பாலிஸிதாரர்களின் பணத்தை முதலாளிகள் சொந்தப் பணமாக ஆண்டதே அதற்குக் காரணங்களில் ஒன்று. 1999ல் தனியாருக்கு மீண்டும் கதவு திறந்தார்கள். அந்நியப் பங்கு அப்போது 26 சதவிகிதம், 2015ல் 49, 2021ல் 74. பங்கு வரும்போது பழக்கமும் கூடவே வரும்.

எனவே வாசலுக்கு வருபவனிடம் நான்கு கேள்வி கேளுங்கள். முதல் இரண்டு வருஷத்தில் செத்தால் என்ன தருவாய்? நடுவில் நிறுத்தினால் என்ன மிஞ்சும்? எத்தனை வருஷத்தில் நான் கட்டியது பாலிஸித் தொகையைத் தாண்டும்? இதில் உன் கமிஷன் எவ்வளவு? பதிலை எழுத்தில் கேளுங்கள்.

சர்க்காரிடம் கேட்க ஒரே கேள்வி போதும். ஆயுள் முழுவதும் உழைத்தவனைக் கௌரவமாக அடக்கம் செய்வது யார் பொறுப்பு? அந்தப் பொறுப்பைச் சமுதாயம் ஏற்றுக்கொண்டால், சாவுப் பயத்தை விற்க யாருக்கும் வேலை இராது. ஏற்காதவரை, நெற்றிக் காசுக்குக் கமிஷன் போட ஆள் இருந்துகொண்டேயிருப்பான்.