நிலமும் சட்டமும்: இரண்டு எக்ஸிகியூட்டர், ஒரு சாவி

கேள்வி: ‘‘எங்கள் தோட்டத்தை ஒட்டி, 60 சென்ட் நிலத்தோடு ஓர் ஓட்டு வீடு இருக்கிறது. கிணற்றில் கால் பங்கும் உண்டு. அதன் உரிமையாளர் சென்னையில் வசித்தவர், 2024-ல் இறந்துவிட்டார். ‘வீட்டை விற்று, பணத்தை மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும்’ என்று சென்னையிலேயே உயில் எழுதியிருக்கிறார். அதற்கு எக்ஸிகியூட்டர்களாக மூத்த மகனையும், தன் தம்பியையும் போட்டிருக்கிறார். 2025 ஜனவரியில் மூத்த மகனோடு 38 லட்சத்துக்கு விலை பேசி, 6 லட்சம் முன்பணம் கொடுத்தேன். 11 மாதக் கெடு. முத்திரைத் தாளில் எழுதினோம், பதிவு செய்யவில்லை. உயர் நீதிமன்றத்தில் புரொபேட் மனு நிலுவையில் இருக்கிறது. இப்போது தம்பிக்காரர், ‘ரோடு அகலமாகப் போகிறது, 38-க்குக் கொடுக்க முடியாது. கேவியட் போடுவேன்’ என்கிறார். மூத்த மகனோ, ‘பார்த்துக்கலாம் தம்பி’ என்று போனிலேயே சொல்லிக்கொண்டிருக்கிறார். பாகம் பிரித்ததில் எங்கள் பூர்வீக வீடு தம்பிக்குப் போய்விட்டது. ஆடிக்குள் காலி செய்ய வேண்டும். முன்பணத்துக்காக நான்கு மாடுகளை விற்றேன், நகையும் அடகில் இருக்கிறது. ஒருவர் கையெழுத்து போதுமா? அந்த வீட்டில் இப்போதே குடியேறலாமா?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காங்கேயம் வட்டம்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், உயிலைப் படித்ததாக எங்கேயும் எழுதவில்லை. ‘விற்றுப் பங்கு கொடு’ என்ற வாசகத்தைக்கூட மூத்த மகன் வாயால்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் வேலையாக உயிலின் நகலை வாங்குங்கள். உங்கள் கேள்விக்கான பதில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

காரணம் சொல்கிறேன். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன் 311-வது பிரிவு, பல எக்ஸிகியூட்டர்கள் இருந்தால், உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்த எவர் ஒருவரும் எல்லோருக்கும் உள்ள அதிகாரத்தைத் தனியாகவே பயன்படுத்தலாம் என்கிறது. சொத்தை விற்பதும் இதில் அடங்கும் என்று அந்தப் பிரிவிலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஆக, ‘இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் விற்க முடியும்’ என்று ஊரில் சொல்வது முழுக்கச் சரியல்ல. ஆனால், இதில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. ஒன்று, உயிலில் மாறாக எதுவும் எழுதியிருக்கக் கூடாது. ‘இருவரும் கூடியே செயல்பட வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தாலும், ஒற்றைக் கையெழுத்து செல்லாக்காசுதான். இரண்டாவது, அந்த ஒருவர் உயிலை மெய்ப்பித்தவராக இருக்க வேண்டும். அதாவது, புரொபேட் கைக்கு வந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் பலரும் ஒரு செய்தியைச் சொல்லிக் குழப்புவார்கள். சென்னை நகரில் இந்துக்கள் எழுதிய உயிலுக்கும், சென்னை நகரிலுள்ள சொத்து பற்றிய உயிலுக்கும் புரொபேட் கட்டாயம் என்ற நிலை முன்பு இருந்தது. அதனால்தான் வீடு காங்கேயத்தில் இருந்தும், உங்கள் விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கட்டாயத்தை விதித்த 213-வது பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ‘இனி கோர்ட்டே வேண்டாம், மனுவை வாபஸ் வாங்கிவிட்டுப் பத்திரம் போடலாம்’ என்று யாராவது சொன்னால், தலையாட்டாதீர்கள். கட்டாயம் போய்விட்டதே தவிர, 311-வது பிரிவு அப்படியேதான் இருக்கிறது. புரொபேட் இல்லாமல் வாங்குவதென்றால், இரண்டு எக்ஸிகியூட்டர்களும் மூன்று பிள்ளைகளும் ஆக எல்லோருமே பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது, மற்றவர் மட்டும் போட்டுக் கொடுக்கும் பத்திரத்துக்குப் பலம் தருவது புரொபேட்தான்.

அந்தத் தம்பிக்காரர் கேவியட் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள். புரொபேட் நீதிமன்றம் பார்ப்பது, உயில் உண்மையானதா, எழுதியவர் சுயநினைவோடு எழுதினாரா, முறைப்படி சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா என்பதைத்தான். 38 லட்சம் குறைவா, நிறைவா என்பது அந்த நீதிமன்றத்தின் வேலையே அல்ல. உயிலையே பொய் என்று அவர் சொன்னால்தான் மனு வழக்காக மாறும். மாதக் கணக்கு வருடக் கணக்காகும். ஆனால், அந்த உயிலால்தானே அவருக்கு இந்தப் பொறுப்பே கிடைத்தது? அதைப் பொய் என்று சொல்ல அவருக்கே மனம் வராது. விலையில் சண்டை இருந்தால், அதைப் பிள்ளைகள்தான் கேட்க வேண்டும். பணம் அவர்களுடையது.

அதனால், மற்ற இரண்டு பிள்ளைகளையும் நேரில் போய்ப் பாருங்கள். தூரத்தில் இருந்தால் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மூவரும் ‘இந்த விலைக்குச் சம்மதம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், சித்தப்பாவின் பேச்சில் பாதி பலம் போய்விடும். அவர் இன்னும் பொறுப்பை ஏற்றுச் செயல்படத் தொடங்கவில்லை என்றால், ‘எனக்கு வேண்டாம்’ என்று எழுத்தில் விலகிக்கொள்ள சட்டத்தில் வழி இருக்கிறது. சொந்தத்துக்குள் மனக்கசப்பு இல்லாமல் முடிய இதுதான் நல்ல வழி. வேண்டுமென்றே முட்டுக்கட்டை போட்டால், எக்ஸிகியூட்டரை நீக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. அதைக் கேட்க வேண்டியவர்கள் பிள்ளைகள், நீங்கள் அல்ல. இன்னொன்று... அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ரோடு வேலை உண்மையாகவே வருகிறது என்றால், சிறு தொகை கூட்டிக் கொடுப்பது வருடக்கணக்கில் நகைக்கு வட்டி கட்டுவதைவிட மலிவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, உங்கள் ஒப்பந்தம். புரொபேட்டுக்கு முன்பே மூத்த மகன் கையெழுத்துப் போட்டதால் அது செல்லாதோ என்று கவலைப்பட வேண்டாம். புரொபேட் கிடைத்துவிட்டால், உரிமையாளர் இறந்த நாளிலிருந்து எக்ஸிகியூட்டர் என்ற முறையில் அவர் செய்த காரியங்களுக்கும் அது செல்லுபடித் தன்மை கொடுக்கும். 227-வது பிரிவு இதைச் சொல்கிறது.

என் கவலை வேறு. 11 மாதக் கெடு 2025 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. கெடு நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள், அதாவது 2028 டிசம்பருக்குள், ‘பத்திரம் எழுதிக் கொடு’ என்று வழக்குப் போட வேண்டும். ‘பார்த்துக்கலாம் தம்பி’ என்ற போன் பேச்சு அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. தமிழ்நாட்டில் 2012-லிருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும் இப்படிப்பட்ட வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், உங்கள் தாள் வீண் அல்ல. ஆனால், வில்லங்கச் சான்றில் அது வராது. நாளைக்கே வேறொருவர் விஷயம் தெரியாமல் வாங்கிவிட்டால், அவரோடு மல்லுக்கட்டுவது சிரமம். பதிவுக்கான கெடு தாண்டிவிட்டதால் பழைய தாளை இனி பதிவு செய்யவும் முடியாது. புதிதாக ஓர் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அதில் பழைய 6 லட்சம் பற்றிய விவரம் இருக்கட்டும். கெடுவை மாதக் கணக்கில் போடாமல், ‘புரொபேட் வழங்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்’ என்று போடுங்கள். முதல் ஒப்பந்தத்திலேயே இந்த ஒரு வரி இருந்திருந்தால், எனக்கு நீங்கள் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே உங்களுக்குப் பாத்தியம் உண்டு. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-வது பிரிவு அதைத் தருகிறது. ஆனால், சரியான காரணமில்லாமல் நீங்களே பின்வாங்கினால், அது போய்விடும். எனவே, மீதி 32 லட்சத்துக்கு வழி இருப்பதைக் காட்டும் வங்கிக் கடிதமோ, கடன் அனுமதிக் கடிதமோ கையில் வைத்திருங்கள். ‘நான் தயார்’ என்று வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸும் போகட்டும்.

குடியேறுவது பற்றிக் கேட்டீர்கள். கிரயத்தை நம்பிக் குடியேறாதீர்கள். கோபி பக்கத்தில் என் கட்சிக்காரர் ஒருவர், பத்திரம் வரும் முன்பே ஓடு மாற்றி, கட்டுத்தரைக்கு சிமென்ட் போட்டு, போருக்கும் செலவு செய்தார். விற்பவர் வீட்டில் தகராறு வந்தது. செலவுக்கு ரசீது கூட வைத்திருக்கவில்லை, பாவம். கடைசியில் முன்பணம் திரும்பியது, ஓடு திரும்பவில்லை.

ஆடிக்குள் இடம் வேண்டும் என்றால், வாடகைக்குக் கேளுங்கள். இரண்டு எக்ஸிகியூட்டர்களும் கையெழுத்துப் போட்ட, 11 மாத வாடகை ஒப்பந்தம். கிரய ஒப்பந்தத்தோடு அதைக் கலக்காதீர்கள். வாடகையை வங்கி வழியாகவே கொடுங்கள். விலைக்கு முரண்டு பிடிக்கும் தம்பிக்காரர்கூட வாடகைக்குச் சம்மதிப்பார் என்றுதான் நினைக்கிறேன். பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டில் ஒரு மழைக்காலத்தில் கரையான் ஏறிவிடும் என்பது அவருக்கும் தெரியாமல் இருக்காது.

கிணற்றுக் கால் பங்கையும் மறந்துவிடாதீர்கள். அது மூலப் பத்திரத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, மோட்டாருக்கான மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்து, புதிய ஒப்பந்தத்தின் சொத்து விவரத்தில் சேர்த்துவிடுங்கள். உயில் நகல் கிடைத்ததும், எக்ஸிகியூட்டர்களைப் பற்றிய பத்தியை மட்டும் அப்படியே எழுதி அனுப்புங்கள். ஒற்றைக் கையெழுத்து போதுமா என்பதற்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.