பச்சை நம்பர் பிளேட்டும் சானல்கரை ரோடும்



ஆடி பிறந்துவிட்டது. முப்பந்தலில் காற்றாலைகள் இரவு பகல் பாராமல் சுற்றுகின்றன. நாகர்கோவில் தெருக்களில் பச்சை நம்பர் பிளேட் போட்ட மின்சாரக் கார்களை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும், வடசேரிச் சந்தையில் நின்றாலும், நமக்கு வரும் கடிதங்களைப் பிரித்தாலும் ஒரே கேள்வி: "அண்ணாச்சி, கரண்ட் கார் எடுக்கலாமா? வழியில நின்னுட்டா என்ன செய்ய?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரக் கார் நம் குமரி மாவட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும். அதோடு சேர்த்து விற்கப்படும், தானாகப் பிரேக் பிடிக்கும், தானாகத் தடம் பார்க்கும் வசதிகள் நம் ரோட்டுக்குப் பாதிதான் பொருந்தும். இரண்டும் ஒரே விலைப்பட்டியலில் வருவதால், ஒன்றின் மேல் உள்ள நம்பிக்கை மற்றதன் மேலும் படிந்துவிடுகிறது. பிரித்துப் பார்ப்பதே நல்லது.

மின்சாரக் கார் நமக்கு நேற்று வந்த சங்கதி இல்லை. 1993-லேயே பக்கத்துக் கேரளத்தின் சாலக்குடியிலும் நம் கோவையிலும் 'லவ்பேர்ட்' என்ற இரண்டு இருக்கை மின்சாரக் கார் தயாரானது. ஈய பேட்டரி, குறைந்த தூரம், சார்ஜ் செய்ய வசதியில்லாத காலம். வந்த வேகத்தில் மறைந்துபோனது. நிலைமை மாறத் தொடங்கியது 2018-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு மத்திய அரசு பச்சை நம்பர் பிளேட்டை அறிவித்தது. 2019 ஆகஸ்டில் மின் வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்சாரக் கார் வந்து, நடுத்தரக் குடும்பமும் விலை விசாரிக்கும் நிலையை உண்டாக்கியது. ஹூண்டாய் கிரெட்டாவின் மின்சார வடிவம் ஸ்ரீபெரும்புதூரில் தயாராகிறது. 2025 ஆகஸ்ட் 4 அன்று வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடியில் தொழிற்சாலையைத் திறந்தது. நாகர்கோவிலிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இன்று மின்சாரக் கார் உருவாகிறது.

தூரக் கணக்கை எடுத்துக்கொள்வோம். களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை, மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி சுமார் 80. வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளையை அழைத்துவரத் திருவனந்தபுரம் விமான நிலையம் போய்த் திரும்பினால் 140-ஐ ஒட்டி வரும். நம் வாழ்க்கையின் பெரும்பகுதி இந்த வட்டத்துக்குள்தான். கம்பெனி சொல்லும் தூரத்தில் முக்கால் பங்கை மட்டும் நம்புங்கள். 400 என்றால் 300. அதுவே இந்தப் பயணங்களுக்குத் தாராளம். மதுரை, சென்னை என்று போகும்போதுதான் வழியில் எங்கே நிறுத்தி சார்ஜ் போடுவது என்று திட்டமிட வேண்டும். வேக சார்ஜரில் 80 சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறும், அதற்கு மேல் மந்தமாகிவிடும். அதனால் 80-ல் பிடுங்கிவிட்டுக் கிளம்புவதுதான் அனுபவஸ்தர்களின் வழக்கம்.

ஒரு விஷயம் எந்த ஷோரூமிலும் சொல்ல மாட்டார்கள், நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே உரியது. போன காற்றுக் காலத்தில் நண்பர் ஒருவரின் காரில் திருநெல்வேலியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். காவல்கிணறு வரை திரையில் தெரிந்த மிச்ச தூரம் ஒழுங்காகக் குறைந்துவந்தது. ஆரல்வாய்மொழி பக்கம் திரும்பியதும் கணக்கு தடுமாறியது. ஓடிய தூரம் கொஞ்சம், குறைந்த எண் அதிகம். நண்பர் பதறிப்போய் ஏ.சி.யை அணைத்தார். குற்றம் ஏ.சி.யிடம் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று பாய்கிறது. நாங்கள் அதற்கு நேர் எதிரே போய்க்கொண்டிருந்தோம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கக் கணக்கில் ஏறும். கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போக, எதிர்க்காற்று 30 என்றால், கார் உணர்வது 110-க்கான தடை. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேகத்தை 60-ஆகக் குறைத்ததும் எண் நிதானத்துக்கு வந்தது. சுமார் 1,500 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகளை நம் எல்லையில் சுழலவைக்கும் அதே காற்று, நம் பேட்டரியையும் கொஞ்சம் குடிக்கிறது. ஆடியில் திருநெல்வேலியிலிருந்து திரும்புகிறவர்கள் இருபது சதவீதமாவது கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அடுத்தது வீட்டு மீட்டர். கார் ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிற வீட்டில் 150 யூனிட், ரெண்டு மாத பில்லில் 300 யூனிட் கூடும். ஏற்கெனவே 300 எரிக்கிற வீடு 600-க்குப் போய்விடும். 500-ஐத் தாண்டினால் மேல் யூனிட்டுகளுக்கு மட்டுமா விலை ஏறுகிறது? கீழே இருந்த சலுகையும் சேர்ந்து குறைகிறது. "பெட்ரோலுக்கு லாபம், ஈ.பி. பில்லுக்கு நஷ்டம்" என்று புலம்புகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் இடறியிருக்கிறார்கள். அப்படியும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் செலவு பல மடங்கு குறைவுதான். மாடியில் தென்னை நிழல் விழாத இடம் இருந்தால் சோலார் போடுவது இந்தக் கணக்கை நேராக்கும். 2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நம் வெயிலுக்கு அது நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு யூனிட் தரும்.

எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்டாறு, இடலாக்குடி பக்கத்துப் பழைய வீடுகளிலும் கடற்கரை ஊர்களின் மணல் மண்ணிலும் எர்த் பெயரளவுக்குத்தான் இருக்கும். ஃபேனும் ஃபிரிட்ஜும் அதைப் பொறுத்துக்கொள்ளும். கார் சார்ஜர் பொறுக்காது. எர்த் சரியில்லை என்று தெரிந்தால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். புதுக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்து மாலையும் போட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் என்ன பிரயோஜனம்? காருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். 7.2 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். வீட்டு லோடு அதைத் தாங்குமா என்பதையும் அன்றே மின்வாரியத்தில் கேட்டுவிடுங்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து நம் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பதை நாம் மறக்கவில்லை. "அப்படி ஒரு புயல் வந்தால் கரண்ட் காரை வைத்து என்ன செய்வது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இப்போது வரும் சில மாடல்களில் காரிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கும் வசதி இருக்கிறது. 40 யூனிட் பேட்டரி நிறைந்திருந்தால், ஒரு வீட்டின் ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு, செல்போன் எல்லாவற்றையும் சிக்கனமாகச் சில நாள் ஓட்டலாம். கார் எடுக்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாக நூறு சதவீதம் ஏற்றி வையுங்கள்.

இனி அந்தப் பாதி பொருந்தும் சமாச்சாரம். அடாஸ் என்று சேல்ஸ்மேன் சொல்வது, ஓட்டுநருக்கு உதவும் பல வசதிகளின் கூட்டு. முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, முன் பம்பருக்குள் ஒரு ரேடார். கேமரா ரோட்டின் வெள்ளைக் கோட்டையும் ஆளையும் வண்டியையும் பார்க்கும். ரேடார் முன்னால் போகிற வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் அளக்கும். இரண்டும் சேர்ந்து இடைவெளி காத்து ஓட்டும், தடம் மாறினால் ஸ்டியரிங்கைத் திருப்பும், மோதப்போகிறது என்றால் பிரேக் போடும். தானியங்கித் திறனை உலக அளவில் பூஜ்யம் முதல் ஐந்து வரை தரம் பிரித்திருக்கிறார்கள். நம் ஊரில் விற்பது இரண்டாம் தரம் வரைதான். பொறுப்பு முழுக்க ஓட்டுகிறவருடையது என்பதுதான் இரண்டாம் தரத்தின் அர்த்தம்.

நாஞ்சில் நாட்டில் இந்தக் கேமரா என்ன பார்க்கும்? சானல்கரை ரோட்டில் கோடே கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவே ஒன்றரை வண்டி அகலம். எதிரே பஸ் வந்தால் யார் ஒதுங்குவது என்பதை இரண்டு டிரைவர்களும் கண்ணாலேயே பேசி முடிப்பார்கள். அந்தப் பேச்சு கேமராவுக்குப் புரியாது. அங்கே தடம் காக்கும் வசதி தானே விலகி நிற்கும். தக்கலை, மார்த்தாண்டம் வழியில் இடைவெளி காக்கும் வசதியைப் போட்டால் வேறு கூத்து. கார் மரியாதையாக விடுகிற இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழையும். கார் மறுபடி பின்வாங்கி இடம் விடும். அதில் ஒரு டெம்போ நுழையும். திடீர் பிரேக்கில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. குறுக்கே வெட்டும் ஸ்கூட்டரைப் பார்த்து உங்கள் கார் சடாரென்று நிற்கும். பின்னால் முட்டிக்கொண்டு வரும் கல் ஏற்றிய டாரஸ் லாரிக்கு அந்த ரேடார் இல்லையே!

நல்ல ரோட்டிலும் கவனம் வேண்டும். 2016 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், தானியங்கி வசதியில் ஓடிக்கொண்டிருந்த டெஸ்லா கார், நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்த டிரெய்லரின் அடியில் புகுந்து, ஓட்டியவர் உயிரிழந்தார். வெள்ளை டிரெய்லரைக் காரும் கவனிக்கவில்லை, மனிதரும் கவனிக்கவில்லை. ஓட்டியவர் அந்த வசதியை அளவுக்கு மீறி நம்பியதும் காரணம் என்றது விசாரணை. மீடியன் இடைவெளியில் டிராக்டரும் பைக்கும் குறுக்கே வருவது நம் நான்குவழிச் சாலையில் அன்றாடம். லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிளீனர் மாதிரி இந்த வசதியை வைத்துக்கொள்ளுங்கள். "இடது பக்கம் ஆள்" என்று அவன் குரல் கொடுத்தால் காது கொடுங்கள். ஸ்டியரிங்கை அவனிடம் கொடுக்காதீர்கள்.

அதற்காக இதைக் குப்பை என்று தள்ளிவிடவும் கூடாது. கோடு தெளிவாக இருக்கிற காவல்கிணறு–மதுரை நெடுஞ்சாலையில் இடைவெளி காக்கும் வசதி காலுக்கும் மனதுக்கும் பெரிய ஓய்வு. விடிகாலைத் தூக்கக் கலக்கத்தில் வண்டி கோட்டைத் தாண்டும்போது ஸ்டியரிங் அதிர்ந்து எழுப்புவது உயிரைக் காக்கும். பின்பக்க மறைவிடத்தில் வரும் பைக்கைக் கண்ணாடியில் விளக்கு காட்டிச் சொல்வது டவுனுக்குள்ளும் உதவும். எதை எந்த ரோட்டில் போடுவது, எதை அணைத்து வைப்பது என்று தெரிந்துகொண்டால் போதும்.

பராமரிப்பில் ஒரு சின்ன எச்சரிக்கை. ஆயுத பூஜைக்கு நாம் வாழைக்கன்றும் செவ்வந்தி மாலையும் கட்டுவது சரியாக ரேடாருக்கு மேலேதான். பூஜை முடிந்ததும் மாலையைக் கழற்றிவிட்டு வண்டியை எடுங்கள். பம்பருக்கு முன் இரும்புக் கம்பி பொருத்தாதீர்கள். 2017-லிருந்தே அதற்கு அனுமதியில்லை, ரேடாரும் குழம்பும். முன்கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவு சரிபார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஆக, முடிவாகச் சொல்வது இது. வீட்டில் நிறுத்த இடம், நல்ல எர்த், பெரும்பாலும் மாவட்டத்துக்குள் ஓட்டம், இந்த மூன்றும் இருந்தால் தயங்காமல் எடுங்கள். அடாஸுக்காக மட்டும் லட்சங்கள் கூட்டிக் கொடுத்து மேல் மாடலுக்குப் போக வேண்டாம். அடிக்கடி நெடும்பயணம் போகிறவர்களுக்கு மட்டும் அது தகும். ஷோரூம்காரர் காட்டும் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உங்கள் வீட்டுச் சந்து, உங்கள் சானல்கரை, உங்கள் மார்த்தாண்டம் நெரிசல் வழியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி ஓட்டுகிறவர்கள், ஆடியிலும் ஐப்பசி மழையிலும் உங்கள் கார் எப்படி நடந்துகொள்கிறது என்று நமக்கு எழுதுங்கள். மற்ற வாசகர்களுக்கு அது எந்த விளம்பரத்தையும்விட உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்