பள்ளி வேலிக்கு அப்பால் வடிவியல்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், சிரம்பானிலிருந்து ரந்தாவ், சிலியாவ் பக்கம் போகும் சாலையில் சன்னலோரம் உட்கார்ந்து செம்பனைக் காட்டைப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்று புலப்படும். மரங்கள் முதலில் கலைந்து நிற்பதுபோலத் தோன்றும். வண்டி நகர நகர ஒரு பக்கமாக நேர்வரிசை ஒன்று திறக்கும். அது மூடியதும் வேறொரு சாய்வில் இன்னொன்று திறக்கும், பிறகு மூன்றாவது. மூன்று வரிசைகளிலும் மரங்கள் ஒரே நெருக்கத்தில் இருக்கும். சதுரம் சதுரமாக நட்ட தோப்பில் இது கிடைக்காது. சமமான நிலத்தில் செம்பனையைச் சமபக்க முக்கோணமாக நடுவதால் வரும் காட்சி இது.

இந்த மரங்களை ஒட்டியே வளர்ந்து தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவக் கணிதத்தில் எட்டாவது அத்தியாயமான 'கோடுகளும் கோணங்களும்' வந்ததும் திணறுகிறது. இணைகோடுகளை ஒரு குறுக்குக்கோடு வெட்டும்போது எந்தக் கோணம் எதற்குச் சமம் என்பதைப் படத்தில் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. பெயர்களை மனப்பாடம் செய்கிறது. படத்தைச் சற்றுத் திருப்பி வரைந்தால் மறந்துபோகிறது.

இதற்கு மொழிதான் காரணம் என்று நாம் வழக்கமாகப் பேச்சை முடித்துவிடுகிறோம். காரணம் இல்லாமல் இல்லை. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அடுத்தது மலாய்மொழி இடைநிலைப்பள்ளி. மலாய் மொழியில் உரிய தேர்ச்சி பெறாதவர்களுக்கு நடுவில் ஓராண்டு புகுமுக வகுப்பு. குறுங்கோணம் 'சூடுட் திருஸ்' ஆகிறது, இணைகோடு 'காரிஸ் செலாரி' ஆகிறது. 2003இல் கணிதத்தை ஆங்கிலத்தில் கற்பிக்கச் சொன்னார்கள், சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள், 2016இல் இருமொழித் திட்டம் என்று சில பள்ளிகளில் ஆங்கிலம் திரும்ப வந்தது. இத்தனை மாற்றத்தில் பிள்ளை குழம்பத்தான் செய்யும். ஆனாலும் மொழி பாதிக் காரணம்தான் என்பது என் கருத்து. மறுபாதி, தமிழிலேயே நாம் வடிவியலை எப்படிச் சொல்லிக் கொடுத்தோம் என்பதில் இருக்கிறது.

ஆறாம் ஆண்டு மாணவனிடம் ஒரு செவ்வகத்தைக் கொடுத்துப் பரப்பளவு கேளுங்கள், நொடியில் சொல்வான். ஒரு சதுரத்தைச் சாய்த்து, முனையில் நிற்பதுபோல வரைந்து காட்டி இது என்ன என்று கேளுங்கள். 'டைமண்ட்' என்பான். தாளைத் திருப்பினால் 'இப்போ சதுரம்' என்பான். அவனுக்குச் சதுரம் என்பது கண்ணுக்குப் பழகிய ஒரு தோற்றம். நான்கு பக்கமும் சமம், நான்கு கோணமும் செங்கோணம் என்பதால்தான் அது சதுரம் என்ற காரணத்துக்கு அவன் இன்னும் வரவில்லை. அந்த நிலையிலேயே அவனை இடைநிலைப்பள்ளிக்கு அனுப்புகிறோம். அங்கே புத்தகம் முதல் பக்கத்திலிருந்தே காரணம் கேட்கிறது.

இதை 1957இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள் நெதர்லாந்தின் ஆசிரியத் தம்பதி பியர் வான் ஹீல, டீனா வான் ஹீல-கெல்டோஃப். வடிவியல் அறிவு படிப்படியாக ஏறுவது என்பது அவர்கள் கண்டது. முதலில் தோற்றத்தை அறிவது, பிறகு பண்புகளைக் காண்பது, அதன்பின் ஒரு பண்பிலிருந்து இன்னொன்று ஏன் வருகிறது என்று பார்ப்பது, அதற்கும் மேலேதான் முறையான நிரூபணம். ஆசிரியர் மேல்படியில் நின்று பேச மாணவர் கீழ்ப்படியில் நின்று கேட்டால், இருவரும் ஒரே சொல்லைச் சொன்னாலும் பொருள் வேறாகிவிடும். அந்நிலையில் பிள்ளைக்கு மனப்பாடம் ஒன்றுதான் வழி.

டீனா தம் 12 வயது மாணவர்களுக்கு வரையறையிலிருந்து தொடங்கவில்லை. நடைபாதையில் ஒரே அளவுக் கற்களை இடைவெளி இல்லாமல் எப்படிப் பாவுவது என்று கேட்டுத் தொடங்கினார். கற்களின் விளிம்புகளில் பிள்ளைகள் ரம்பத்தையும் ஏணியையும் கண்டுபிடித்தார்கள். ரம்பப் பல்லின் கோணங்கள் ஒன்றுவிட்ட கோணங்கள். ஏணிப் படியின் கோணங்கள் ஒத்த கோணங்கள். பாடப்பெயர் பிறகுதான் வந்தது.

நெகிரி செம்பிலான் பள்ளிகளுக்கு அந்த நடைபாதை வேலிக்கு அப்பாலேயே நிற்கிறது. மூன்று திசையிலும் இணைவரிசைகள், எங்கு பார்த்தாலும் 60 பாகை. ரம்பமும் ஏணியும் அங்கே வேண்டிய மட்டும் உண்டு.

பள்ளித் திடலில் இதை ஒரு பாடமாக நடத்திப் பார்க்கலாம். ஒன்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடிக்க வேண்டும். ஒவ்வொரு முளையிலும் ஒன்பது மீட்டர் நைலான் கயிறு ஒன்றைக் கட்டி, இரண்டு பிள்ளைகள் இழுத்துக்கொண்டு நடந்தால், நுனிகள் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது முளை. கோட்டின் மறுபக்கத்திலும் அப்படி ஓர் இடம் இருக்கிறதே என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும். கவராயத்தின் வேலையைக் கால்களே செய்துவிட்டன. இனி, வரிசைக்கும் வரிசைக்கும் இடைவெளி எவ்வளவு? ஒன்பது என்றுதான் முதலில் பதில் வரும். அளந்தால் எட்டுக்கும் குறைவு. ஏன்? முதலாம் படிவத்தின் கடைசி அத்தியாயமான பைதாகரஸ் தேற்றம் இங்கே வேலைக்கு வருகிறது. 81இலிருந்து 20.25ஐக் கழித்தால் 60.75, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 7.8. ஒவ்வொரு முளையையும் ஒரு மரமாகக் கொண்டால், ஒரு மரத்துக்குரிய நிலம் சுமார் 70 சதுர மீட்டர், ஓர் எக்டரில் சுமார் 143 மரம். அதே ஒன்பது மீட்டரில் சதுரமாக நட்டால் 123 மரம்தான். இருபது மரம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளே வாதாடட்டும். மலைச்சரிவில் படிவெட்டி நட்ட இடங்களில் இந்த முக்கோணம் ஏன் கலைகிறது என்ற கேள்வியும் கூடவே வரும்.

பால்மரம் இதைவிட வளமானது. கோலப்பிலா, ஜெலுபு பக்கம் சிறுதோட்டக்காரர்களிடம் இன்னும் ரப்பர் இருக்கிறது. ஒட்டுக்கட்டிய மரத்தில் வெட்டுக்கோடு 30 பாகைச் சாய்வில், இடப்பக்க மேலிருந்து வலப்பக்கம் கீழாக, தண்டின் பாதிச் சுற்றுக்கு இறங்குகிறது. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் செங்குத்தாக இல்லாமல் எதிர்ப்பக்கம் சற்றே சாய்ந்திருப்பதால், அந்தச் சாய்வு கூடுதல் குழாய்களை அறுக்கிறது. ஒரு பால்மாவு டின்னைச் சுற்றித் தாள் ஒட்டி, அந்தக் கோட்டை வரைந்து, தாளைப் பிரித்து விரித்தால், வளைந்து இறங்கிய கோடு நேர்க்கோடாகக் கிடக்கும். இது இரண்டாம் படிவத்தின் உருளை விரிப்பு. சுற்றளவு 50 செண்டிமீட்டர் மரத்தில் பாதிச் சுற்று 25. கோடு எவ்வளவு உயரம் இறங்குகிறது? சுமார் 14.4 செண்டிமீட்டர். இது மூன்றாம் படிவத்தின் முக்கோணவியல் விகிதம். இரண்டு ஆண்டுப் பாடத்தை ஒரே மரம் தாங்குகிறது.

பெற்றோர் இதற்குச் சொல்லும் மறுப்பைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். "அந்தக் கத்திய விட்டு வெளியேறத்தானே சார் படிக்க வைக்கிறோம், திரும்ப அங்கேயே கூட்டிட்டுப் போறீங்களே?" என்று ஒரு தாய் கேட்டால் அதில் நூறாண்டு வலி இருக்கிறது. 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அந்தப் பள்ளிகளில் எழுத்தும் எண்ணும் கிடைத்தன. அதற்குமேல் பிள்ளை எங்கே போக வேண்டும் என்பதை நிர்வாகம் பால்மர நிரையைக் காட்டித்தான் சொன்னது. நம் தாத்தா பாட்டிகள் கம்பி இழுத்தார்கள், குச்சி ஊன்றினார்கள், 30 பாகையைக் கைப்பழக்கமாகவே வெட்டினார்கள். எத்தனை மீட்டர், எந்தக் கோணம், எக்டருக்கு எத்தனை மரம் என்ற கணக்கு மட்டும் பங்களா அலுவலகத்தில் இருந்தது. அந்தக் கணக்கைப் பேரப்பிள்ளையின் கையில் கொடுங்கள் என்கிறேன். கத்தியைக் கொடுக்கச் சொல்லவில்லை.

இன்று அந்த வரிசைகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டினர். நம் பிள்ளைகளில் பலர் செனவாங், நீலாய் தாமான்களில் வளர்கிறார்கள். பள்ளியின் பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' இருக்கும், பள்ளி ஊருக்குள் இருக்கும். அதனால் தோட்டம் அவர்களுக்குத் தெரிந்த இடம் என்று நான் கற்பனை செய்யவில்லை. அளந்து பார்க்கக்கூடிய ஓர் இடம் பக்கத்தில் இருக்கிறது என்பதே என் வாதம்.

கணிதத்தில் திணறுவது தமிழ்ப்பிள்ளைகளின் குறை மட்டுமல்ல. டிம்ஸ் எனப்படும் அனைத்துலக ஆய்வில், எட்டாம் ஆண்டுக் கல்வி நிலையில் மலேசியாவின் கணிதப் புள்ளி 1999இல் 519, 2019இல் 461, 2023இல் 411. நாடே வழுக்கிக்கொண்டிருக்கும்போது, நடுவில் மொழி மாறும் பிள்ளை இன்னும் வேகமாக வழுக்கும்.

நம்மவர்கள் வெளிநாட்டு அறிவியல் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வாங்கும் செய்தி அடிக்கடி வருகிறது, மகிழ்ச்சிதான். ஆனால் அது ஒரு பள்ளியில் நாலைந்து பிள்ளைகளின் கதை. வகுப்பில் மிச்சமிருக்கும் பிள்ளைகள் முதலாம் படிவத்தில் எங்கே விடுபடுகிறார்கள் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

செய்யக்கூடியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் கைவிடப்பட்டதால் ஆறாம் ஆண்டில் பழைய பயிற்சித்தாள் நெருக்கடி தளர்ந்திருக்கிறது. ஆறாம் ஆண்டின் கடைசி ஆறு வாரம், கணித நேரத்தில் பாதியைக் கயிற்றுக்கும் முளைக்கும் ஒதுக்கலாம். பேச்சு முழுக்கத் தமிழில் நடக்கட்டும். 'ஏன்' என்று பிள்ளை வாதாடப் பழகும் மொழி அதுதான். ஒவ்வொரு பாட முடிவிலும், கையால் அளந்த அந்தக் கோணத்துக்கு மலாய்ப் பெயரை எழுதிக் கொடுத்தால் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் சனிக்கிழமை டியூஷனுக்குத் திரட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். பக்கத்துத் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு காலை நேரம் உள்ளே வர அனுமதி கேட்டு, தலைமையாசிரியர் கடிதம் எழுத வேண்டும். இடைநிலைப்பள்ளியின் கணித ஆசிரியர் ஒருவரையும் அன்று கூட அழைக்க வேண்டும், அவர் எந்த இனத்தவராக இருந்தாலும். தம்மிடம் வரப்போகும் பிள்ளைகள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதை அவர் அங்கே நேரில் பார்ப்பார்.